சௌக்கியமா என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

சைக்கிளில் போகும்போது வழியில் நிற்கிற மாட்டையும் நாயையும் பார்த்து "என்னம்மா, சௌக்கியமா?" என்று கேட்கிற 67 வயது ஆசாமியைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, மனுஷன் ரொம்ப நல்லவர். இரண்டு, ரிடையர் ஆனதில் எங்கேயோ ஒரு மறை கழன்றுவிட்டது. என் மனைவி இரண்டாவது கட்சி. எங்கள் தெருவில் பெரும்பான்மையும் அந்தக் கட்சிதான் என்று நினைக்கிறேன். முகத்துக்கு நேரே சொல்வதில்லை, அவ்வளவுதான். நான் மூன்றாவதாக ஒரு கட்சி வைத்திருக்கிறேன். ரோட்டில் போகிறவன் திரும்பும்போது கை காட்டுகிறான் இல்லையா, அந்த மாதிரி இதுவும் ஒரு சாலை விதி. யாரும் எழுதி வைக்காத விதி. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் வழியைச் சொல்லிவிட வேண்டும். திருவானைக்காவலில் இருந்து கல்லணைக்குப் போகிற சாலை. ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் தள்ளிக் கொள்ளிடம், நடுவில் வாழைத் தோட்டங்கள். திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று வரிசையாக ஊர்கள். பெயர்களைக் கேட்டாலே சைக்கிளை எடுக்கத் தோன்றும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் வீடு. கல்லணை வரை போவது எப்போதாவதுதான். மற்ற நாட்களில் உத்தமர்சீலியோடு திரும்பிவிடுவேன். முழங்கால் அவ்வளவுக்குத்தான் கையெழுத்துப் போடுகிறது. சைக்கிள் கியர் இல்லாத பழைய ஹெர்குலிஸ். கியர் வைத்த சைக்கிளில், தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக, கூட்டமாகக் கல்லணைக்குப் பறக்கிற பையன்கள் என்னைத் தாண்டும்போது "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் அதே வேகத்தில் அவர்கள் தாண்டிப் போன கன்றுக்குட்டி மிரண்டு வாய்க்காலில் இறங்கி நின்றதை அவர்கள் பார்த்திருக்க வழியில்லை.

யாருக்கு என்ன சொல்வது என்பதில் எனக்கு ஒரு முறை இருக்கிறது. பசுக்களுக்கு "என்னம்மா". தெருநாய்களுக்கு "என்னடா ராஜா, நைட் டியூட்டி முடிஞ்சுதா?" ஆட்டு மந்தை வந்தால் தனித்தனியாக விசாரிக்கக் கட்டுப்படியாகாது, "எல்லாரும் கிளம்பியாச்சா?" என்று மொத்தமாக ஒன்று. மீன்கொத்தி மின்கம்பியில் இருந்தால் வாயைத் திறப்பதில்லை, தலையை மட்டும் ஆட்டுவேன். சத்தம் போட்டால் அதன் காலைப் பிழைப்பு கெட்டுவிடும். பனையபுரம் தாண்டிப் புளியமரத்தடியில் கட்டியிருக்கும் ஒரு காளைக்கு மட்டும் "வணக்கம் பெரியவரே". அவருடைய திமிலையும் நிற்கிற தோரணையையும் பார்த்தால் வேறு மாதிரி கூப்பிட வாய் வராது.

தமிழில் பிராணிகளோடு பேச எத்தனை சத்தங்கள் இருக்கின்றன என்று ஒரு நாள் மிதித்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். நாயைக் கூப்பிட "தோ தோ". கோழியைக் கூப்பிட "பா பா பா". காக்காய்க்குச் சோறு வைக்கும்போது "கா கா". மாட்டை ஓட்ட "ஹை ஹை". பூனையை விரட்ட "சூ". அரிசி காயப்போட்டிருக்கிற முற்றத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் எதற்கும் "ஏய்". இவ்வளவு இருந்தும் எல்லாம் இரண்டே வகைதான். ஒன்று வா, இல்லாவிட்டால் போ. வந்தால் அதற்குச் சோறு, அல்லது நமக்கு வேலை. போனால் நமக்கு நிம்மதி. "நீ இங்கே இருக்கிறாய், பார்த்துவிட்டேன், நான் என் வழியில் போகிறேன்" என்று சொல்ல மட்டும் நம்மிடம் ஒரு சத்தம் கிடையாது. அதனால்தான் மனுஷனுக்குச் சொல்கிற சௌக்கியமாவையே கடன் வாங்கிக்கொண்டேன்.

நம் ஆட்கள் பிராணிகளுக்கு மரியாதை செய்யாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. வானத்தில் கருடன் வட்டமிட்டால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். கிளம்பும்போது செம்போத்து கண்ணில் பட்டால் போகிற காரியம் ஜெயம். கழுதைக்கு இருக்கிற மரியாதை கடைக்காரர்களுக்குத் தெரியும். "என்னைப் பார் யோகம் வரும்" என்று எழுதிய கழுதைப் படம் மாட்டாத மளிகைக்கடை ஒரு காலத்தில் உண்டா? கோயிலுக்குப் போனால் யானையிடம் ஆசீர்வாதம் வாங்காமல் குழந்தைகள் நகர மாட்டார்கள். ஆனால் கணக்குப் பாருங்கள். கருடனால் புண்ணியம், செம்போத்தால் ஜெயம், கழுதையால் யோகம், யானையால் ஆசீர்வாதம். குறுக்கே போன பூனையால் மட்டும் நஷ்டம், அதற்குத் திட்டு. எல்லாமே வரவு செலவுக் கணக்கு. உயிருள்ள கழுதையைத் தெருவில் பார்த்து யாராவது யோகம் வந்தது என்று நின்றார்களா? எனக்கு நினைவில்லை. ஆற்றங்கரையில் துணிமூட்டையோடு நின்ற கழுதைகளுக்குப் பிள்ளைகள் வாலில் டப்பா கட்டியதுதான் நினைவிருக்கிறது. இப்போது என் வழியில் கழுதையே இல்லை.

எங்கள் ஊர்க் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின் மேல் சருகு விழக்கூடாது என்று ஒரு சிலந்தி வலை பின்னியது. காவிரித் தண்ணீரைத் துதிக்கையில் கொண்டு வந்து அபிஷேகம் செய்த யானைக்கு அந்த வலை அசுத்தமாகப் பட்டது. தினமும் பிய்த்துப் போட்டது. கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் செத்தன. சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டியது என்பார்கள். பக்திக் கதைதான். எனக்கென்னவோ அந்தக் கதையில் வேறொன்று தோன்றும். ஒரே இடத்துக்குத் தினமும் வந்து போகிற இரண்டு பேர், ஒருவரை ஒருவர் ஒரு நாளாவது நின்று கவனித்திருந்தால் இரண்டு உயிர் மிஞ்சியிருக்கும். (பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். புராணத்தைத் திருத்த எனக்கு உத்தேசம் இல்லை.)

இனி காரியத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்தது அஞ்சல் துறையில். கவுண்டருக்குப் பின்னால்தான் என்றாலும், பீட் முடித்து வரும் போஸ்ட்மேன்களின் கதைகளைத் தினமும் கேட்டிருக்கிறேன். அதில் பாதி நாய்க் கதை. காக்கிச் சட்டை, தோளில் பை, சைக்கிள் என்று நாய்க்குப் பிடிக்காத எல்லாம் ஒரே ஆளிடம். சிலர் ஹேண்டில்பாரில் குச்சி சொருகி வைத்திருப்பார்கள். ஒருவர் மட்டும் குச்சி வைத்ததில்லை. அவர் தெருமுனை திரும்பும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். "வந்துட்டேன்டா, வந்துட்டேன். இன்னிக்கும் உனக்கு லெட்டர் இல்லை." வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். நான் அந்த ஆபீஸில் இருந்த வரை நாய் கடித்தது என்று அவரிடமிருந்து ஒரு லீவ் லெட்டர் வந்ததில்லை. அவரிடம் காரணம் கேட்டபோது சொன்னார்: "சார், அது நம்மளக் கண்டு பயப்படல. சத்தமே இல்லாம வர்ற சைக்கிளக் கண்டுதான் பயப்படுது. குரல் கொடுத்தா ஆளுன்னு தெரிஞ்சிடும்."

இதைவிடத் தெளிவாக நான் எதிலும் படித்ததில்லை. நாயின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். விடியற்காலை, பாதித் தூக்கம். இன்ஜின் சத்தம் இல்லாமல், சுற்றிக்கொண்டே, மனுஷ உயரத்துக்கு மேல் ஒரு உருவம் வேகமாக வருகிறது. ஓடுகிற பொருளைத் துரத்துவது நாயின் ரத்தத்தில் இருப்பது. நாம் பயந்து வேகமாக மிதித்தால் அதற்கு விளையாட்டு சூடு பிடிக்கிறது. மிதிப்பதை நிறுத்திவிட்டால் துரத்த ஒன்றும் இல்லை. பத்து பதினைந்து அடி தூரத்திலேயே சாதாரணமாகப் பேசிக்கொண்டு வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலான நாய்கள் தலையைக் கூடத் தூக்குவதில்லை. "நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்பதெல்லாம் நடந்து போகிறவனுக்கான பழமொழி. சைக்கிளில் இருப்பவன் கல்லைத் தேடிக் குனிந்தால் முதலில் விழுவது அவன்தான்.

மாட்டுக்குக் காரணம் வேறு. அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. நாம் வருவதோ அந்தப் பின்னால் இருந்துதான். மேய்ந்துகொண்டிருக்கிற பசுவின் பின்னால் சத்தமில்லாமல் வந்து திடீரென்று பக்கத்தில் முளைத்தால் அது உதைக்கும், இல்லாவிட்டால் ரோட்டின் நடுவே பாயும். எதிரே மணல் லாரி வந்தால் கதை முடிந்தது. பெல் அடிக்கலாமே என்பீர்கள். பெல் என்பது மனுஷர்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், மாடு அதில் கையெழுத்துப் போடவில்லை. குரல் அப்படி இல்லை. பிறந்ததில் இருந்து அது கேட்டு வளர்ந்தது மனுஷக் குரலைத்தான். "என்னம்மா" என்றதும் ஒரு காது மட்டும் பின்னால் திரும்பும். அது போதும். கேட்டுவிட்டது என்று அர்த்தம், மேற்கொண்டு போகலாம்.

ஆட்டிடம் இன்னொரு சங்கதி. குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் இருந்தால், குட்டி நிச்சயம் உங்கள் சக்கரத்துக்கு முன்னால்தான் கடக்கும். எனவே விசாரிப்பதற்கு முன் தாய் எங்கே என்று பார்க்க வேண்டும். கோழி இன்னும் மோசம், பாதி ரோடு கடந்த பிறகு மனசு மாறித் திரும்பும்.

எல்லாரையும் விசாரிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். குட்டி போட்ட நாயிடம் நலம் விசாரிக்கக் கூடாது. இறங்கி, அதற்கும் நமக்கும் நடுவில் சைக்கிளை வைத்துத் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை. நாலைந்து நாய்கள் சேர்ந்து சண்டை போடுகிற இடத்திலும் அப்படித்தான். குரங்கிடம் பல்லைக் காட்டிச் சிரிக்கவே கூடாது, நேராகக் கண்ணைப் பார்க்கவும் கூடாது. அதன் பாஷையில் இரண்டும் சண்டைக்கு அழைப்பு. சாரைப் பாம்பு ரோட்டைக் கடந்தால் நின்று வழி விடுவதுதான் வணக்கம். பின்னால் பைக்கில் வருகிறவனையும் கை காட்டி நிறுத்துவேன். திட்டிவிட்டுத்தான் நிற்பான். நின்றால் சரி.

"அதுக்கு என்ன புரியும்?" இதுதான் என் மனைவியின் நிரந்தரக் கேள்வி. சௌக்கியமா என்ற வார்த்தை புரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆளைப் புரியும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006-ல் ஒரு சோதனை செய்தார். ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். பிறகு அதே முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூட்டம் கூட்டிக் கத்தித் தீர்த்தன. வருஷக்கணக்கில் மறக்கவில்லை. பிடிபடாத காக்கைகளும் மற்றதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கத்தின. மனுஷன் முகத்தைப் பகைக்காக இத்தனை வருஷம் நினைவு வைக்கிற ஜீவன், தினமும் தொந்தரவு செய்யாமல் போகிறவனை மட்டும் மறந்துவிடுமா? செம்மறி ஆடுகளும் மற்ற ஆடுகளின் முகங்களை ஐம்பது வரை, இரண்டு வருஷத்துக்கு மேலும் நினைவு வைக்கின்றன என்று 2001-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். ஐம்பது முகம்! எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எனக்கு அத்தனை பேர் பெயர் தெரியாது. இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பேத்திதான் நல்ல கேள்வி கேட்டாள்: "அது பதில் சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க தாத்தா?" அன்றைக்குச் சைக்கிளை விற்றுவிடுவேன் என்றேன்.

மனைவியின் கேள்வி விளையாட்டு. பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் கேட்டது விளையாட்டு இல்லை. சென்ற வருஷம் எங்கள் தெருவில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பையனைக் கெண்டைக்காலில் நாய் கடித்துவிட்டது. நல்ல ஆழம். மறுநாள் அவர் என் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்: "நீங்க அதுங்களுக்குக் குட் மார்னிங் சொல்றீங்க. அது குழந்தையக் கடிக்குது. இந்தக் கொஞ்சல் எல்லாம்தான் சார் நாய் பெருகுறதுக்குக் காரணம்."

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் சின்ன வயதில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டே நாங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனதுண்டு. குன்னூரில் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் 1907-லேயே வந்துவிட்டது, நல்ல தடுப்பூசிகளும் வந்துவிட்டன, இப்போது கையில்தான் போடுகிறார்கள். இருந்தும் உலகத்தில் வெறிநோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பயமில்லை. அந்தப் பையனுக்கு அவன் பாட்டி மஞ்சள் பொடி வைத்துக் கட்டிவிட்டு, சாயங்காலம் அப்பா வந்ததும் பார்க்கலாம் என்று இருந்தாள். எதிர்வீட்டு நர்ஸ்தான் சத்தம் போட்டு ஆட்டோவில் ஏற்றினாள். பையன் நன்றாக இருக்கிறான்.

அதன் பிறகு தெரு இரண்டாகப் பிரிந்தது. எல்லா ஊரிலும் இப்படித்தான் பிரிந்திருக்கிறது என்று பேப்பரில் பார்க்கிறேன். 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி வட்டாரத்து நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் ஒரு உத்தரவு. 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது. கண்ட இடத்தில் சோறு போடக்கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும். நவம்பரில் இன்னொரு உத்தரவு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு வளாகங்களில் நாய் இருக்கக்கூடாது, நெடுஞ்சாலையில் மாடு திரியக்கூடாது என்று. எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு கட்சி ஆகஸ்ட் 11-ஐயும் மறு கட்சி ஆகஸ்ட் 22-ஐயும் மனப்பாடமாக ஒப்பித்தது. ஒரு பக்கம், எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொரு பக்கம், தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து பிஸ்கெட் போடுகிறவர்கள். வாயில்லா ஜீவன் என்று கண்ணில் தண்ணீர். எத்தனை ஜீவன், எதற்கு ஊசி போட்டிருக்கிறது என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்திருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, விசாரித்துக்கொண்டே போவதில் தானாக வந்துவிட்ட அறிவு. எங்கள் தெருவில் ஒன்பது. காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது என்று அடையாளம். அப்படி நான்கு. ஐந்துக்கு இல்லை. அதில் இரண்டு பெட்டை, ஒன்று சினை. பையனைக் கடித்தது எங்கள் தெரு நாயே இல்லை. கறிக்கடைப் பக்கம் இருந்து ஒரு வாரமாக வந்துகொண்டிருந்த செவலை. என்னையும் அது இரண்டு நாள் முறைத்திருந்தது. நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒன்பதில் ஏழு. எங்கள் தெருவுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக் கூட்டத்தில் சொன்னபோது இரண்டு கட்சியும் என்னை ஒரே மாதிரி பார்த்தன.

பிஸ்கெட் கட்சிக்கும் எனக்கும் உள்ள வித்தியாசத்தை நண்பருக்குச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். சோறு போட்டால் நாய் உங்கள் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருக்க ஆரம்பிக்கும். உங்கள் வண்டி மாதிரியே இருக்கிற வண்டியையும் நோக்கி ஓடிவரும். அதில் போகிறவன் கல்லூரிப் பெண்ணாக இருந்தால் பயந்து விழுவாள். நீங்கள் ஊருக்குப் போய்விட்டால் அது பட்டினி. சோறு போடுகிறவர்களை நான் பழிக்கவில்லை. ஊசி போடும் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கை கூப்புவேன். ஆனால் அன்பைக் காட்ட வேறு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். குரல் கொடுத்துவிட்டுப் போகிறவன் அந்த நாயின் வாழ்க்கையில் எதையும் மாற்றுவதில்லை, எதிர்பார்ப்பையும் ஏற்படுத்துவதில்லை. தினமும் பார்க்கிறான். பார்க்கிறவனுக்குத்தான் மாற்றம் தெரியும்.

தெரிந்தது என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். திருவளர்ச்சோலையில் டீக்கடை வாசலில் கறுப்பி என்று ஒரு நாய். மூன்று வருஷமாக என் குரல் கேட்டால் வாலால் இரண்டு தட்டு தரையில் தட்டும், எழுந்திருக்காது. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் தட்டவில்லை. கண் என் மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாய் தொங்கி எச்சில் வழிந்துகொண்டிருந்தது. எழுந்தபோது பின்னங்கால் ஒத்துழைக்கவில்லை. டீக்கடைக்காரர் ஏதோ எலும்பு மாட்டிக்கொண்டது என்று வாயில் கைவிட்டுப் பார்க்கக் கிளம்பினார். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வாழ்க்கையில் யாரையும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. தகவல் சொல்லி, ஆட்கள் வலையோடு வந்து கொண்டுபோனார்கள். மறுநாளைக்கு மறுநாள் கறுப்பி செத்துப்போனது. முந்தின வாரம் அதைத் தடவி, கையை நக்கக் கொடுத்து விளையாடிய இரண்டு பிள்ளைகளுக்கும், டீக்கடைக்காரருக்கும் முழு ஊசியும் போட்டார்கள். அந்தக் கடை வழியே அன்று காலை எத்தனையோ பேர் போனார்கள். டீ குடித்தார்கள். அதற்கு உடம்பு சரியில்லை என்று தெரிவதற்கு, சரியாக இருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் தடுப்பூசிப் போடும் வண்டி வந்தபோது, எந்த நாய் எந்த வீட்டுத் திண்ணைக்குக் கீழ் படுக்கும் என்று கேட்டு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். எட்டுக்குப் போட்டாயிற்று. ஒன்பதாவது, அந்தச் சினைப் பெட்டை, வலையைப் பார்த்ததும் கொள்ளிடக்கரைப் பக்கம் ஓடிவிட்டது. இப்போது மூன்று குட்டிகளோடு திரும்பி வந்திருக்கிறது. நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன், நிறையப் பேர் கேட்பது. பதிலுக்கு அதுகள் என்னதான் செய்யும்? பசு காதைத் திருப்பும். நாய் வாலை ஆட்டும், அல்லது தூங்குவது போல ஒரு கண்ணைத் திறந்து மூடும். ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்திப் பார்க்கும், அப்புறம் ஒரே நேரத்தில் மெல்லும். கிளிக்கூட்டில் கிளிகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு போகும், ஆனால் அது எனக்கான பதில் என்று சொன்னால் என் மனைவி கட்சிக்கே நானும் போய்விட வேண்டியதுதான். பனையபுரத்துப் பெரியவர் மட்டும் இன்றுவரை திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஐந்து வருஷம் ஆகிறது. வைக்கோலைப் போட்டுக்கொண்டே அவருடைய சொந்தக்காரர்தான் ஒவ்வொரு நாளும் "வணக்கங்க" என்று பதில் சொல்கிறார்.